பேத்தியின் நோட்டில் என் எழுத்து

மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆறாம் வகுப்பின் நடுவிலிருந்து பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு வரைக்கும் என் பேத்தியின் நோட்டுகளில் நான் எழுதியவை அவ்வளவு. அதே நோட்டுகளில் அவள் எழுதியவை இருநூற்று எட்டு. பழைய நோட்டுகளை எடைக்குப் போடாமல் கட்டி வைத்திருந்ததால் உட்கார்ந்து எண்ண முடிந்தது. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பேருந்தில் ஏறினால் நிறுத்தங்களை எண்ணுவேன், மாத்திரைப் பட்டையில் மிச்சத்தை எண்ணுவேன். முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை பார்த்தவன். தீர்ப்பையும் வாக்குமூலத்தையும் பார்த்து எழுதுவது, சொற்களை எண்ணுவது, அசலோடு ஒப்பிட்டுச் சரி என்று அடியில் கையெழுத்துப் போடுவது, இதுதான் என் பிழைப்பு.

இப்போது நாங்கள் சமயநல்லூரில் இருக்கிறோம். நான், மகள், பேத்தி. மருமகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், மாதம் இரண்டு நாள் வருவார். மகள் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். காலை ஏழு பத்துக்குப் போனால் இரவு ஏழே முக்காலுக்கு வருவாள். இடையில் பேத்தியும் நானும்தான்.

அவள் கெட்டிக்காரி என்று தாத்தா சொல்வதற்கு மதிப்பில்லை என்பது தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏழு வயதில், மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்தே, "தாத்தா, இன்னும் பதினோரு நிமிஷம்" என்பாள். பதினோராவது நிமிடத்தில் தொட்டி வழியும். எப்படி என்று கேட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம் ஒவ்வொரு ஜாணுக்கும் மாறுவதாகவும், தொட்டி அகலத்தை என் வேட்டியை வைத்து அளந்ததாகவும் சொன்னாள். பின்னாளில் கணக்குப் புத்தகத்தைக் கதைப்புத்தகம் போலப் படுத்துக்கொண்டு படித்தாள். விடையைச் சொல்வாள். எழுது என்றால் எழுந்து போய்விடுவாள்.

நான்காம் வகுப்பு முடிகிற சமயத்தில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். திரும்பப் போனபோது ஆறாம் வகுப்பு. நடுவில் எல்லாம் போனில்தான் பாடம். போனில் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்கிறவள் இவள்தான், அதனால் எல்லோருக்கும் இவளைப் பிடிக்கும். பள்ளி திறந்த முதல் வாரமே நோட்டைப் பார்த்த ஆசிரியைகள் திடுக்கிட்டார்கள். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் கிடந்தன. ஒரு சொல்லில் ஒரே எழுத்து மூன்று அளவில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் எழுத மறந்து போயிருந்த நேரம் என்பதால், பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சரியாகிவிட்டது.

ஒருநாள் சமூக அறிவியல் ஆசிரியை ஒரு பதிலைப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்லியிருந்தார். பள்ளி விட்டு வந்து நாலரைக்கு உட்கார்ந்தவள் ஆறே முக்காலுக்கு இரண்டாவது தடவையில் இருந்தாள். பெருவிரலைப் பேனாவுக்கு மேலே மடித்து, இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் மகள் வந்துவிடுவாள். மகளுக்குக் கோபம் சீக்கிரம் வரும், நோட்டைப் பார்த்தால் ஸ்கேலை எடுப்பாள். நான் நோட்டை வாங்கி மிச்சம் எட்டுத் தடவையையும் எழுதினேன்.

அவள் எழுத்து மாதிரியே எழுதினேன். அது எனக்குக் கஷ்டமில்லை. நோட்டை மேசையில் வைக்காமல் தொடையில் வைத்து, பேனாவை உச்சியில் பிடித்து எழுதினால் கோடு தானாக நடுங்கும். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"உங்க ழ ரொம்ப அழகா இருக்கு தாத்தா. கொஞ்சம் கெடுங்க."

கெடுத்தேன். இருவரும் சிரித்தோம்.

இரக்கத்தால்தான் எழுதினேன் என்று முழுக்கச் சொல்ல முடியாது. என் அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர், கைநாட்டு. எங்கள் வகையறாவில் முதலில் பேனா பிடித்தவன் நான். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று நான்கு பேர் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

எட்டுத் தடவை என்றது ஒரு பக்கமாகி, தினம் இரண்டு பக்கமானது. வகுப்பில் பாதியில் விட்டு வந்ததையும் தோழியின் நோட்டை வாங்கி வரச் சொல்லி முடித்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் செய்தது இன்னொன்று. எழுத்து அப்படியே மோசமாக இருந்தால் திட்டுவார்கள், திடீரென்று நன்றாக இருந்தால் சந்தேகப்படுவார்கள். ஆகவே மாதத்துக்குக் கொஞ்சமாகத் திருத்தினேன். மாசியில் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். சித்திரையில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டேன். ஏழாம் வகுப்பில் சுழிகள் ஒழுங்காயின. ஒன்பதாம் வகுப்பில் 'மிக நன்று' வந்தது, பக்கத்தில் நட்சத்திரமும். அந்த நட்சத்திரங்களையும் எண்ணினேன். எழுபத்தாறு.

தேர்வுத் தாளில் என்னால் எழுத முடியாதல்லவா. கணக்கில் விடை மட்டும் இருக்கும், வழிமுறை இருக்காது. அறிவியலில் முதல் இரண்டு பதிலோடு மணி அடித்துவிடும். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து என்று வாங்கினாள். வீட்டில் இவ்வளவு அழகாக எழுதுகிறவள் தேர்வில் வேண்டுமென்றே கிறுக்குகிறாள், திமிர், சோம்பேறித்தனம் என்று பள்ளியில் முடிவு கட்டினார்கள். மகளும் அதையே நம்பினாள். அந்தச் சோம்பேறிப் பட்டத்தை என் கையால் எழுதிக் கொடுத்தவன் நான் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் மறுநாள் பேனாவை எடுத்தேன். நிறுத்தினால் அதுவரை எழுதியது வெளிப்பட்டுவிடும்.

பத்தாம் வகுப்புக் காலாண்டில் இரண்டு பாடத்தில் தவறிவிட்டாள். மகள் தன் ஆஸ்பத்திரியில் யாரிடமோ விசாரித்து, மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். இரண்டு நாள், மொத்தம் ஐந்து மணி நேரம் சோதித்தார். கடைசியில் மருத்துவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "பாப்பாவுக்கு யோசனை ரொம்ப வேகம்மா. கைதான் கூட ஓடமாட்டேங்குது. இது சோம்பேறித்தனம் கிடையாது. பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலா கேக்கலாம், சொல்வதை எழுதுபவரும் கேக்கலாம். பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேணும். கூடவே மூணு வருஷ நோட்டு மாதிரி வைக்கச் சொல்லுங்க. எழுத்து எப்பவுமே இப்படித்தான்னு தெரியணும்."

மகள் அழுதாள். சந்தோஷ அழுகை. பேத்தி என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் பேருந்தில் பூ மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தோம். பரிந்துரைக்குக் கடைசி நாள் வரைக்கும் பத்தொன்பது நாள் இருந்தன. ஞாயிறு, தீபாவளி போகப் பதினான்கு.

பள்ளி நகருக்குள் இருக்கும் பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் பேச்சில் மரியாதை குறையாது. மகள் அரைநாள் விடுப்புப் போட்டாள். மூன்று வருட நோட்டுகள் பதினான்கை நான்தான் பையில் சுமந்து போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஏழாம் வகுப்பு நோட்டையும் ஒன்பதாம் வகுப்பு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கம்மா, எம்புட்டு முன்னேற்றம். போன வருஷம் பெற்றோர் கூட்டத்துல இந்த நோட்டைத்தான் மாதிரிக்கு மேசையில வச்சோம். ஒரு பிள்ளை முயற்சி பண்ணா எப்படி மாறும்னு நானே மைக்ல சொன்னேன்."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க மேடம்," என்றாள் மகள்.

"டாக்டர் ரெண்டு நாள் பாத்தாங்க. நான் அஞ்சு வருஷமா பாக்குறேன். இந்த நோட்டை வச்சுக்கிட்டு, எழுத வராதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? மேல கேட்டா நான்தானே பதில் சொல்லணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "தாத்தா பக்கத்துல உக்காந்து எழுத வச்சீங்கன்னு பாப்பா சொல்லுவா. நீங்களே சொல்லுங்க ஐயா, அவளால எழுத முடியாதா?"

மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மகள், நடுவில் என் எழுத்து. வாயைத் திறந்தேன். "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

அன்று மாலை மகள் பேத்தியின் புத்தகப் பையைக் கவிழ்த்தாள். "நோட்டுல எழுதத் தெரியுதுல்ல? பரீட்சையில மட்டும் என்னடி வந்துச்சு உனக்கு? டாக்டரையும் ஏமாத்திட்டியா? அரைநாள் சம்பளத்தை விட்டுட்டு அங்க போயி நான் அசிங்கப்பட்டு நிக்கிறேன்." ஸ்கேல் வலது புறங்கையில் இரண்டு முறை விழுந்தது. பேத்தி கையை இழுக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும்.

மகள் குளிக்கப் போனதும் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா அம்மா உங்களை ஓசூருக்கு அனுப்பிரும் தாத்தா. அங்க அப்பா சமைக்கிறதை உங்களால சாப்பிட முடியாது."

இதைச் சொல்லிவிட்டுக் கொட்டிக் கிடந்த பேனாக்களைப் பொறுக்கி வைத்தாள். அவற்றில் ஒன்று நான் அவள் எழுத்துக்காகத் தனியாக வைத்திருந்த மெல்லிய முனைப் பேனா. அதையும் சேர்த்தே வைத்தாள்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனதும், பதினான்கு நோட்டுகளையும் மறுபடி தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நான்கு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்தாவது முறை காவலாளி, "யாரைப் பாக்கணும்ணே?" என்று கேட்டுவிட்டதால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

தலைமையாசிரியையிடம் உட்காராமலே சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு நோட்டை எடுத்து, "இதுல?" என்றார்.

"அதுல நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எட்டுதான் அவ எழுதினது." அந்த எட்டையும் புரட்டிக் காட்டினேன். பிறகு நோட்டைத் தொடையில் வைத்து, கடைசிப் பக்கத்தில் ஏழாம் வகுப்பு எழுத்தில் ஒரு வரியும், ஒன்பதாம் வகுப்பு எழுத்தில் ஒரு வரியும், என் சொந்த எழுத்தில் ஒரு வரியும் எழுதினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஆசிரியையின் கையெழுத்து. சில இடங்களில் பச்சை மையில் அவருடையதும்.

"இது மேல போச்சுன்னா உங்களை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க ஐயா. கீழ கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. நாலு டீச்சர். அதுல ரெண்டு பேருக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. ஒருத்தி பிள்ளை உண்டாகியிருக்கா."

அந்த நாலு பேர் என் எண்ணிக்கையில் இதுவரை வரவே இல்லை. நட்சத்திரங்களை எண்ணினேன், போட்டவர்களை எண்ணவில்லை.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நோட்டெல்லாம் மழையில நனைஞ்சு வீணாப் போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நோட்டு இல்லைன்னு குறிச்சு, டாக்டர் சொன்னதை வச்சு நான் பரிந்துரை எழுதிடுறேன். பிள்ளைக்கும் கிடைக்கும். யாருக்கும் பாதகமில்லை."

அனுப்புநர், பெறுநர் எழுதினேன். 'பொருள்' என்று எழுதிப் புள்ளி வைத்தேன். அதற்கு மேல் போகவில்லை. நேர்மை திடீரென்று வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பயம்தான். நாளைக்கு யாராவது பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, நோட்டு எந்த மழையில் நனைந்தது என்று கேட்டால், எனக்காக அவள் அதற்கும் பதில் தயார் செய்ய வேண்டியிருக்கும். நேற்று அடி வாங்கியவள் அதையும் செய்வாள்.

"மேடம், இது வேணாம்," என்றேன். "அவளை இங்க கூப்பிட்டு உங்க முன்னாடி எழுதச் சொல்லுங்க. தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம் போட்டு, 'என் முன்னிலையில் எழுதியது'ன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. கோர்ட்ல வாக்குமூலத்துக்கு அப்படித்தான். அதையே மாதிரியா வைங்க."

"நோட்டு எங்கன்னு கேட்டா?"

"கேட்டா நான் வாரேன். நான் எழுதினதுன்னு நானே சொல்றேன். டீச்சருங்க ஏமாந்தாங்க, நான் ஏமாத்தினேன்னு எழுதியும் தாரேன்."

அவர் வெள்ளைத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு மணியை அடித்து, பத்தாம் வகுப்பிலிருந்து பேத்தியை அழைத்துவரச் சொன்னார்.

அவள் உள்ளே வந்ததும் மேசைமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் என்னை. "ஓசூர்தான்," என்றாள் மெதுவாக.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சிலிருந்து ஜன்னல் வழியே அவளுடைய தோளும் வலது கையும் தெரிந்தன. கேள்வி, வைகையில் ஏன் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. பத்து ஐம்பதுக்குத் தொடங்கினாள். மணிக்கட்டு உள்பக்கம் மடிந்தது. பெருவிரல் பேனாவுக்கு மேலே ஏறியது. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் கையை உதறினாள். பதினைந்து அடி தூரத்தில் நான் இருந்தேன், என் விரல்கள் வேட்டியின் மேல் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தன. அவற்றை மடக்கிக்கொண்டேன். பதினொன்றரைக்குத் தலைமையாசிரியை போதும் என்றார். நாற்பது நிமிடத்தில் ஒன்பது வரி. ஐம்பத்து மூன்று சொல் என்று பிறகு பேத்தியே சொன்னாள், அவளுக்கும் எண்ணுகிற பழக்கம் உண்டு.

"சரி, இப்ப வாயில சொல்லு," என்றார் அவர்.

சொன்னாள். மேற்கே மலையில் மழை எந்த மாதம் பெய்கிறது, அணை எங்கே நிறுத்துகிறது, கண்மாய்கள் எந்த வரிசையில் நிறைய வேண்டும், மணல் போனால் ஆற்றுக்கு அடியில் என்ன ஆகும் என்று ஆறு நிமிடம் நிற்காமல் பேசினாள். நடுவில் பாடப்புத்தகத்தில் ஒரு படம் தப்பு என்றாள். தலைமையாசிரியை புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அந்த ஒன்பது வரித் தாளை எடுத்து, நேரம் போட்டு, பச்சை மையில் கையெழுத்திட்டார்.

என்னிடம் வந்து சொன்னார்: "இந்த நோட்டைத் தூக்கிட்டுப் போங்க ஐயா. கேட்டா உங்களைக் கூப்பிடுவேன். இனிமே இவ நோட்டுல உங்க பேனா பட்டுச்சுன்னா, இந்தத் தாளை நானே கிழிச்சுப் போட்டுருவேன்."

மாலை மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். நின்றபடியே கேட்டாள். எத்தனை பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள், குக்கரை வைத்தாள். மூன்றாவது விசிலுக்குப் பிறகு திரும்பி வந்தாள்.

"நாலு வருஷமா அவளை அடிச்சிருக்கேன்ப்பா. நீங்க இதே நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

என்னை ஓசூருக்கு அனுப்பவில்லை. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை வாங்கி வருகிறாள். பேச்சு மட்டும் தேவைக்கு.

பரிந்துரை போய் ஐம்பத்தாறு நாளாகிறது. தேர்வுத்துறைக்காக இதைச் சரிபார்க்கும் மருத்துவக் குழு பேத்தியை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தது. உத்தரவு இன்னும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வில் தலைமையாசிரியை தன் பொறுப்பில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார். கணக்கில் எண்பத்து நான்கு வாங்கினாள். தமிழில் முப்பத்தாறு. குழு எந்த நாளும் நோட்டைக் கேட்கலாம். பொதுத்தேர்வுக்கு எழுபத்தொரு நாள் இருக்கிறது. தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து நிற்கிறேன், எது வந்தாலும், உத்தரவானாலும் விசாரணையானாலும், முதலில் என் கையில்தான் வரும்.

அதுவரை அவள் நோட்டு அவள் எழுத்தில்தான் போகிறது. புது நோட்டில் நாற்பத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. 'முடிக்கவில்லை' என்று சிவப்பு மையில் பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. அந்த ஆசிரியைகள் என்னை வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நேற்றும் ஆறரை மணிக்கு உட்கார்ந்தாள். சமூக அறிவியலில் ஐந்து கேள்வி. ஏழே முக்காலுக்கு முதல் கேள்வியில் மூன்று வரி எழுதியிருந்தாள். கையை உதறிவிட்டு நோட்டைத் தள்ளினாள்.

"போதும் தாத்தா. வலிக்குது."

"இன்னும் நாலு இருக்கேம்மா."

"இருக்கட்டும். நாளைக்கு மிஸ்கிட்ட வாயில சொல்றேன். கேட்டா கேக்கட்டும், கேக்கலைன்னா போகட்டும்."

எழுந்து போய்விட்டாள். பதினைந்து நிமிடத்தில் நான் முடித்துவிடக்கூடிய நாலு கேள்வி என் முன்னால் விரிந்து கிடந்தது. பேனா மூடாமல் கிடந்தது, முனை காய்ந்துவிடும். மகள் வேலையிலிருந்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை எடுத்துப் போடுவதற்குக்கூட நான் கையை நீட்டவில்லை.